விபத்தில்லா 613-ஆம் நாள்

மார்ச் 4, செவ்வாய்

பாதுகாப்பு தினம். ஏழரைக்கே வரச் சொல்லிவிட்டார்கள். கேட்டுக்குள் பந்தல், மைக், எல்லோர் சட்டையிலும் பச்சை ரிப்பன். உறுதிமொழியை வழக்கம்போல நான்தான் வாசித்தேன். இருநூற்றுப் பத்துப் பேர் கையை நீட்டிக்கொண்டு திருப்பிச் சொன்னார்கள். ஆறு வருடமாக வாசிக்கிறேன். இப்போதெல்லாம் தாளைப் பார்ப்பதில்லை.

ஹெச்.ஆர். மேனேஜர் மோகன்தாஸ் பேசும்போது கேட்டருகில் இருக்கும் பச்சைப் பலகையைக் காட்டினார். 'விபத்தில்லா நாட்கள் 611.' "நம்ம துளசிமணி சிஸ்டர் முதலுதவி ரூம்ல ஈ ஓட்டிட்டு இருக்காங்க. அதுதான் நம்ம கம்பெனிக்குப் பெருமை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும். 27ஆம் தேதி வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் பார்வையிட வருகிறார்களாம். அதற்குள் என் அறைக்குப் புதுத் திரைச்சீலை வாங்கித் தருவதாகச் சொன்னார்.

ஆளுக்கொரு லட்டு. என்னுடையதை வீட்டில் இவருக்குக் கொண்டுவந்தேன். சர்க்கரை வியாதிக்காரருக்கு லட்டு ஊட்டுகிற நர்ஸ் நான் ஒருத்திதான் இருப்பேன்.

தண்ணீர் ஒன்பதாம் நாள் வந்தது. இரண்டு டிரம்மும் எல்லாக் குடங்களும் நிரம்பின.

மார்ச் 6, வியாழன்

மூன்றாம் எண் பிரஸ். கஸ்தூரி. வலது கை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு, மோதிர விரல் பாதி. மணி 11.20. அழுத்திக் கட்டி, கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். மேனேஜர் காரில் தனியார் மருத்துவமனை. டாக்டரிடம் காரணம் சொல்லப்பட்டது.

வெள்ளைக் கோட்டை உப்புத் தண்ணீரில் ஊறவைத்திருக்கிறேன்.

மார்ச் 7, வெள்ளி

பலகையில் 614.

நேற்று சரியாக எழுதவில்லை. மோட்டாருக்குள் வைக்கிற தகடுகளை வெட்டும் எந்திரம் அது. இரண்டு கைக்கும் இரண்டு பட்டன். இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் அச்சு இறங்கும். கை உள்ளே இருக்கும்போது இறங்கிவிடக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். ஒரு பட்டனைச் சைக்கிள் டியூப் ரப்பரால் அழுத்திக் கட்டிவிட்டால், ஒரு கையால் தகட்டை வைத்துக்கொண்டே மறு கையால் அடித்துத் தள்ளலாம். வேலை வேகமாக ஓடும். எட்டுப் பிரஸ்ஸிலும் ரப்பர் உண்டு. சூப்பர்வைசரே வெட்டிக் கொண்டுவந்து கொடுப்பார். நான் தினமும் இரண்டு தடவை அந்த வழியாக நடக்கிறேன்.

இன்று மூன்றாம் எண் பிரஸ்ஸில் மட்டும் ரப்பர் இல்லை. தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். எட்டே காலுக்கு வேறொரு பெண் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் என் அறைக்கே வந்தார்.

"சிஸ்டர், விபத்துப் பதிவேட்டுல இப்ப எதுவும் எழுத வேண்டாம். இ.எஸ்.ஐ.க்கும் ரிப்போர்ட் அனுப்பல. ஆஸ்பத்திரி செலவ நாமளே பாத்துக்கறோம். இருபத்தேழு தாண்டட்டும்."

"சரிங்க சார்."

பதிவேட்டில் எழுதி, இ.எஸ்.ஐ.க்கு விபத்து அறிக்கை போனால்தான் வேலை செய்ய முடியாத நாட்களுக்கு அவளுக்கு உதவித்தொகை வரும். போன விரல்களுக்கு ஆயுள் முழுக்க மாதாமாதம் வரும். போகாவிட்டால் அவள் வீட்டில் அடிபட்டவள், அவ்வளவுதான். இது எனக்குத் தெரியாததல்ல. பயிற்சி வகுப்பில் இதைப் பற்றி நானே பேசியிருக்கிறேன்.

கோட்டில் கறை போகவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான்கு ஆரஞ்சு, ஒரு பிரெட். கஸ்தூரிக்கு முப்பத்தொன்று வயது. பென்னாகரம் பக்கம் ஊர். கணவர் பெங்களூருவில் கட்டட வேலை. வந்திருந்தார், ஜன்னல் ஓரமே நின்றார். மகள் இரண்டாம் வகுப்பு.

தலையணைக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

"சிஸ்டர், இதப் படிச்சுச் சொல்லுங்க. எல்லாம் இங்கிலீஷா இருக்குது."

படித்தேன். வீட்டில் மாவு அரைக்கும்போது கிரைண்டரில் கை சிக்கியது என்று இருந்தது.

"எங்க வூட்ல கிரைண்டரே இல்லீங்களே."

நான் ஆரஞ்சை உரிக்க ஆரம்பித்தேன்.

"ஒத்த ரூமுங்க. மிக்சி ஒன்னு கெடக்குது, அதுவும் ஜாரு ஒடஞ்சது. தோசைக்கு மாவு கடைலதான் வாங்கறன். இல்லாத கிரைண்டர்ல நான் எப்பிடிங்க கைய உட்டன்?" சிரித்தாள். வலியில் சிரிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இது அந்தச் சிரிப்பல்ல. "டாக்டர்கிட்ட இப்பிடிச் சொன்னது யாருங்க சிஸ்டர்?"

"தெரியல கண்ணு. ஆஸ்பத்திரில மாத்தி எழுதியிருப்பாங்க."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தண்ணீர் கேட்டாள்.

மார்ச் 12, புதன்

சிலிண்டர் வந்தது. முதலுதவிப் பெட்டிகளில் இருப்பு சரிபார்த்தேன். புதுத் திரைச்சீலை நீல நிறம்.

மார்ச் 13, வியாழன்

மேனேஜர் என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கஸ்தூரியின் வீட்டுக்குப் போனார். நேற்றுத்தான் டிஸ்சார்ஜ். மேனேஜர் கையில் அவள் கையெழுத்துக்காக ஒரு கடிதம். அவளுக்கு வீட்டில் அடிபட்டதாகவும், கம்பெனி மனிதாபிமானத்தோடு வைத்தியம் பார்த்ததாகவும், குணமானதும் பேக்கிங் பிரிவில் வேலை தருவதாகவும் அதில் இருந்தது. தமிழில்தான் இருந்தது. அவளே படித்தாள். விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படிக்கிற பெண் அல்ல, வேகமாகப் படிக்கிறவள்.

"வேலை தர்றதெல்லாம் சரிங்க சார். 'வீட்டில்'னு இருக்குதுல்ல, அதத் திருத்திட்டு வாங்க. அப்பறம் பேசலாம்."

"கஸ்தூரி, நல்லதுக்குத்தான் சொல்றோம். இதுக்கு மேல கம்பெனி இறங்கி வராது."

"நான் எறங்கச் சொல்லலீங்க. மூணாம் நம்பர் மிஷின்னு எழுதச் சொல்றன்."

மேனேஜர் என்னைப் பார்த்தார், நான் எடுத்துச் சொல்வேன் என்று. நான் கட்டைப் பார்த்துவிட்டு, "ஈரம் படாம வெச்சுக்கோ" என்று மட்டும் சொன்னேன். திரும்பி வரும்போது காரில் ஏ.சி. அதிகமாக இருந்தது. குறைக்கச் சொல்லவில்லை.

அந்த அறையில் கிரைண்டர் இல்லை. வைக்க இடமும் இல்லை.

மார்ச் 15, சனி

மத்தியானம் வீட்டில் யாருமில்லை. மிளகாயைக் காயப்போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

டாக்டரிடம் சொன்னது நான்தான்.

அவசரப் பிரிவில் டாக்டர், "என்ன ஆச்சு?" என்று கேட்டார். மேனேஜர் என் பின்னால் நின்றார். அவர் என்னிடம் எதுவுமே சொல்லவில்லை. காரில் வரும்போதுகூடச் சொல்லவில்லை. என் வாயிலிருந்து அதுவாக வந்தது. "வீட்ல கிரைண்டர்ல கைய விட்டுட்டாங்க டாக்டர்." தடுமாறவே இல்லை. தடுமாறியிருந்தால்கூட என்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதிக்கொள்ளலாம்.

தடுமாறாததற்குக் காரணம் இருக்கிறது. நான்கு வருடத்துக்கு முன் வேலுச்சாமியின் கட்டைவிரல் போனபோது, 'இரும்புக் கேட்டில் நசுங்கியது' என்றேன். மாலாவுக்குக் காலில் அடிபட்டபோது பஸ்ஸிலிருந்து இறங்கும்போது என்றேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். கஸ்தூரியோடு ஏழு. ஒவ்வொரு தடவையும் அவர்களுக்கு வேலை போய்விடக் கூடாதே என்றுதான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாருடைய வேலை என்று கேட்டுக்கொண்டதில்லை.

அறுநூற்றுப் பதிமூன்று நாளில் எத்தனை நாள் நிஜம் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

மார்ச் 17, திங்கள்

இரண்டு மணி ஷிப்ட் மாறும் நேரம். கேட்டுக்கு வெளியே கஸ்தூரி நின்றிருந்தாள். செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. கோஷம் போடவில்லை, அழவில்லை. கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வெளியே வருகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"அண்ணா, எனக்கு எங்க அடிபட்டுச்சு? சொல்லுங்க. அக்கா, நீங்க பக்கத்து மிஷின்தான, எனக்கு எங்க அடிபட்டுச்சு?"

எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். இரண்டாம் எண் பிரஸ் மாரப்பன் நின்றான், வாயைத் திறந்தான், சூப்பர்வைசரைப் பார்த்ததும் பஸ்ஸுக்கு ஓடினான். அறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். நீலத் திரைச்சீலையைக் கொஞ்சம் விலக்கி.

கடைசி ஆள் போனதும் அவள் பலகையை நிமிர்ந்து பார்த்தாள். 624.

மார்ச் 18, செவ்வாய்

எழுத நிறைய இருக்கிறது.

காலை ஏழு ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தேன். வாட்ச்மேன் ரங்கசாமி அண்ணன் வழக்கம்போல தகர எண்களும் ஸ்டூலுமாகப் பலகைக்கு வந்துகொண்டிருந்தார். ஆறு, இரண்டு, ஐந்து.

"அண்ணா, அந்த ஸ்டூலக் குடுங்க. நான் மாட்டறேன்."

"நீங்க எதுக்குங்க சிஸ்டர்?"

"குடுங்கண்ணா."

ஏறினேன். மூன்று எண்களையும் கழற்றிக் கீழே கொடுத்தேன். "பூஜ்யம் இருக்கா?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு செக்யூரிட்டி அறைக்குள் போய், துரு ஏறிய ஒரு பூஜ்யத்தைக் கொண்டுவந்து, தன் சட்டையிலேயே துடைத்துக் கொடுத்தார். மாட்டிவிட்டு இறங்கினேன்.

நேராக அறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டு, விபத்துப் பதிவேட்டைத் திறந்து எழுதினேன். 6ஆம் தேதி, 11.20, மூன்றாம் எண் பிரஸ், வலது கை, மூன்று விரல்கள், பட்டன் ரப்பரால் கட்டப்பட்டிருந்தது. 'தாமதமாக எழுதுவதற்குக் காரணம்' என்ற இடத்தில், 'எழுத வேண்டாம் என்று சொல்லப்பட்டது' என்று எழுதினேன். படித்துப் பார்த்தேன். அடித்தேன். 'மேனேஜர் மோகன்தாஸ் எழுத வேண்டாம் என்று சொன்னார். நான் ஒப்புக்கொண்டேன்' என்று எழுதினேன். அதன் கீழே இன்னொரு பாரா எழுதிக் கையெழுத்திட்டேன்.

ஒன்பது மணிக்கு அழைப்பு வந்தது.

"என்ன சிஸ்டர் இது?"

"ஜீரோங்க சார்."

"யாரக் கேட்டு மாத்துனீங்க?"

"ஆறாம் தேதி ரத்தத்தக் கழுவிட்டு, ஏழாம் தேதி அறுநூத்திப் பதினாலு மாட்டுனாங்களே, அப்ப யாரைங்க சார் கேட்டாங்க?"

கதவைச் சாத்தச் சொன்னார். குரலைத் தணித்துக்கொண்டார். "டாக்டர்கிட்ட கிரைண்டர்னு சொன்னது நீங்க. நான் ஒரு வார்த்தை சொல்லல. ஞாபகம் இருக்கா? எதையாச்சும் எழுதறதுக்கு முன்னாடி அத யோசிச்சுக்குங்க. உங்க நர்ஸ் ரிஜிஸ்ட்ரேஷனே போயிரும்."

"அதையும் எழுதிட்டனுங்க சார். ரெண்டாவது பாரா."

பதிவேட்டை வாங்கிக்கொண்டார். அதற்குள் பக்கத்தைப் போட்டோ எடுத்திருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் அச்செடுத்து, இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கும் தொழிற்சாலை ஆய்வாளருக்கும் பதிவுத் தபால் போட்டுவிட்டு, ஒப்புகை அட்டையில் என் வீட்டு முகவரியை எழுதினேன். தபால் ஆபீஸ் பெண், "அவசரங்களா?" என்று கேட்டாள். பன்னிரண்டு நாள் தாமதம் என்றேன்.

திரும்பி வந்தபோது பலகையில் பூஜ்யம் இல்லை. எண்ணே இல்லை.

மார்ச் 19, புதன்

சஸ்பெண்ட். காரணம்: கம்பெனிச் சொத்தைச் சேதப்படுத்தியது.

மார்ச் 20, வியாழன்

இவர் மினிபஸ் ஓட்டுகிறவர். பேசுவது குறைவு. நேற்று கடிதத்தைப் படித்துவிட்டு, "ஏம்புள்ள, ஆறு வருசம் வாய மூடிட்டுத்தான இருந்த? இப்ப மட்டும் என்ன வந்துச்சு?" என்றார். கோபமாகக்கூட இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். ஏழு பேரைப் பற்றியும் சொன்னேன். சாப்பிட்ட கையைக் கழுவாமல் உட்கார்ந்து கேட்டார். இன்று காலையில், "இ.எஸ்.ஐ. ஆபீஸ் எங்க இருக்குது? நான் லீவு போட்டுட்டு வண்டில கொண்டுபோய் உடறேன்" என்றார்.

மார்ச் 21, வெள்ளி

கஸ்தூரியின் வீட்டுக்குத் தனியாகப் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். அவள் இடது கையால் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். ஒத்திகை பார்த்ததெல்லாம் போய்விட்டது.

"கஸ்தூரி, டாக்டர்கிட்ட கிரைண்டர்னு சொன்னது நான்தான்."

"தெரியுங்க."

"தெரியுமா?"

"மயக்க ஊசி போடறதுக்கு முன்னாடிதான சொன்னீங்க. கைதான் போச்சு. காது நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்பறம் ஏன் என்கிட்டயே கேட்ட?"

பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். "நீங்களாச் சொல்றீங்களான்னு பாத்தன். சொல்லல."

மன்னித்துவிடு என்றேன். நான் கேட்ட அந்த வார்த்தையைத் தரையில் வைத்து இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

"அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாங்க சிஸ்டர். மொதல்ல எங்க வந்து சொல்லணுமோ அங்க வந்து சொல்லுங்க."

டீ கொடுத்தாள். சர்க்கரை போட மறந்திருந்தாள். மறந்துதான் இருப்பாள். குடித்தேன்.

மார்ச் 25, செவ்வாய்

இ.எஸ்.ஐ. கிளை அலுவலகம். கஸ்தூரியும் நானும். இவர் வெளியே வேப்பமரத்தடியில் வண்டியோடு இரண்டு மணி நேரம் நின்றார்.

விசாரித்த அலுவலர் ஒரு பெண். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு தாள்களைப் படித்தார். "ஆஸ்பத்திரி ரெக்கார்டுல வீட்ல அடிபட்டதுன்னு இருக்கும்மா. உங்க பேரும் இருக்கு, கூட்டிட்டு வந்தவங்கன்னு. இப்ப வேற சொல்றீங்க. எத நம்பறது?"

"ரெண்டாவது சொல்றதைங்க மேடம். மொதல்ல சொன்னதுக்கு எனக்குச் சம்பளம் கெடச்சுச்சு. இதுக்குச் சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க."

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. "இத வாக்குமூலமாக் குடுத்தா உங்களுக்குச் சிக்கல் வரும். தெரியும்ல?"

"தெரியுங்க."

"தொழிலாளியே நேரா விபத்துத் தகவல் குடுக்கலாம். கம்பெனி குடுக்கலைங்கறதுக்காக உரிமை போயிராது." கஸ்தூரியைப் பார்த்தார். "கம்பெனிக்காரங்க, நீங்களாத்தான் பட்டனக் கட்டுனீங்கன்னு சொல்வாங்கம்மா. கட்டுனீங்களா?"

இல்லை என்று சொல்லிவிடேன் என்று மனத்துக்குள் சொன்னேன். பழக்கதோஷம்.

"அன்னிக்கு நான்தான் கட்டுனங்க. சூப்பர்வைசர் ரப்பரக் குடுத்தாரு, கட்டுனன். கட்டலன்னா கணக்கு எட்டாது. எட்டலன்னா மறுநாள் வேலை இல்லீங்க."

"கம்பெனி வேலைக்காகத்தானே கட்டுனீங்க? உங்க வீட்டு வேலைக்கு இல்லையே?" அலுவலர் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். "அப்ப இது வேலையில நடந்த விபத்துதான். அப்படியே எழுதுங்க."

வெளியே வந்ததும் கஸ்தூரி, "நீங்க பயந்துட்டீங்கல்ல?" என்றாள். ஆமாம் என்றேன். மூன்று பேரும் கரும்புச் சாறு குடித்தோம்.

மார்ச் 27, வியாழன்

ரங்கசாமி அண்ணன் போன் செய்தார். வெளிநாட்டுக்காரர்கள் வந்து போய்விட்டார்களாம். பலகை இருந்த இடத்தில் பூந்தொட்டி வைத்திருக்கிறார்களாம். "பலகை பெயின்ட் அடிக்கப் போயிருக்குதுன்னு சொல்லச் சொன்னாங்க சிஸ்டர். என்னை யாரும் கேக்கல. கேட்டிருந்தா வேற சொல்லியிருப்பன்."

ஏப்ரல் 2, புதன்

தொழிற்சாலை ஆய்வாளரும் இ.எஸ்.ஐ. அலுவலரும் சேர்ந்து வந்தார்கள். எங்கள் இருவரையும் வரச் சொல்லியிருந்தார்கள். பதினான்கு நாளுக்குப் பிறகு கேட்டைத் தாண்டினேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை, எல்லோரும் பார்த்தார்கள்.

எட்டுப் பிரஸ்ஸிலும் ரப்பர் இல்லை. பளிச்சென்று இருந்தன. மேனேஜர், "எங்க கம்பெனில பட்டனக் கட்டறதுங்கறதே கெடையாது சார். இந்தம்மா ஒருத்தர் செஞ்ச தப்பு" என்றார்.

ஆய்வாளர் கஸ்தூரியைப் பார்த்தார். அவள் மூன்றாம் எண் பிரஸ்ஸுக்குப் போனாள். அதன் பக்கத்தில் போக அவளுக்கு எப்படி மனம் வந்ததோ! கட்டில்லாத கையால் வலது பட்டனைக் காட்டினாள்.

"இதச் சுத்திப் பாருங்க சார். மத்த எடமெல்லாம் எண்ணெய்க் கருப்பு. பட்டனச் சுத்தி மட்டும் பட்டையா வெளுப்பா இருக்குதுங்களா? வருசக்கணக்கா ரப்பர் இருந்த எடம். எண்ணெயத் தொடச்சாங்க, இதத் தொடைக்க முடியாதுங்க. பெயின்ட்டே தேஞ்சிருக்குது."

ஆய்வாளர் குனிந்து பார்த்தார். பிறகு நான்காம் எண்ணுக்குப் போனார். ஐந்துக்கு. எட்டு வரை போனார். எல்லாவற்றிலும் அதே வெளுத்த பட்டை. திரும்பி இரண்டாம் எண்ணுக்கு வந்தார். அங்கே மாரப்பன் நின்றிருந்தான்.

"நீங்க கட்டுவீங்களா?"

சூப்பர்வைசர் இருமினார். மாரப்பன் அவரைப் பார்க்கவில்லை. கஸ்தூரியின் கையைப் பார்த்தான்.

"கட்டுவமுங்க. எல்லாருமே. நேத்து சாயங்காலந்தான் அவுக்கச் சொன்னாங்க, நீங்க வர்றீங்கன்னு." கேட்கப்படாததையும் சொன்னான். "அந்தக்காவுக்கு இங்கதாங்க அடிபட்டுச்சு. எனக்கு மூணடி தள்ளி. மிஷின நிறுத்துனது நான்தானுங்க."

அவன் சொன்னதும் ஐந்தாம் எண்ணில் இருந்த பெண், "நானும் பாத்தனுங்க" என்றாள். பிறகு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அவரைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆறு வருடம் அவர் பக்கத்தில் அதே கைக்குட்டையோடு நானும் நின்றவள்தானே.

ஏப்ரல் 3, வியாழன்

நன்றாகத் தூங்கினேன். பால் பொங்கி வழிந்தது.

ஏப்ரல் 21, திங்கள்

கம்பெனி விபத்து அறிக்கையை அனுப்பிவிட்டது. அனுப்ப வைத்தார்கள். மூன்றாம் எண் பிரஸ், வலது கை, எல்லாம் சரியாக இருக்கிறது. வேலையில் நடந்த விபத்து என்று ஏற்றுக்கொண்ட கடிதம் கஸ்தூரிக்கு வந்தது. வேலை செய்ய முடியாத நாட்களுக்கான உதவித்தொகை வங்கிக்கு வந்துவிட்டதாம். போனில் சொன்னாள். "மாரப்பன வேலைய உட்டுத் தூக்குவாங்கன்னு நெனச்சங்க. தூக்கல. தூக்குனா எட்டு மிஷினும் நிக்கும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருச்சு."

மே 5, திங்கள்

என்னைத் தூக்கிவிட்டார்கள். நிரந்தரமாக. மருத்துவமனையில் பொய்த் தகவல் கொடுத்த நர்ஸ் என்று நர்சிங் கவுன்சிலுக்கும் புகார் எழுதியிருக்கிறார்கள். பொய்த் தகவல் என்பது உண்மை. விசாரணைக்கு வரச் சொன்னால் போவேன், ஆமாம் என்பேன். யார் பின்னால் நின்றார் என்பதையும் சொல்வேன். பிறகு என்ன செய்கிறார்களோ செய்யட்டும். அதுவரை தெருமுனை டாக்டரம்மா கிளினிக்கில் ஊசி போடுகிறேன். சம்பளம் பாதி. திரைச்சீலை கிழிசல். டாக்டரம்மாவிடம் முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் வேலுச்சாமி வந்தார். கட்டைவிரல் இல்லாத கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார். நான்கு வருடமாக என்னை எங்கே பார்த்தாலும் வணக்கம் சொல்கிறவர்.

"கஸ்தூரி சொல்லுச்சுங்க. எனக்கும் எழுதிக் குடுப்பீங்களா?"

"நாலு வருசம் ஆயிருச்சு. கெடைக்குமான்னு தெரியாதுங்கண்ணா."

"கெடைக்கலைன்னாப் போகுது. இரும்புக் கேட்டுன்னு இருக்கறது மாறட்டும்."

உள்ளே வரச் சொல்லி, நாற்காலி போட்டு, தாள் எடுத்தேன். என் பொய் என்று முதல் வரியிலேயே எழுதினேன். வாசித்துக் காட்டினேன். அவர் கையைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்.

மே 19, திங்கள்

மாலா வந்தாள். அவளோடு இன்னொருவரும். தண்ணீர் பதினோராம் நாள்.

ஜூன் 19, வியாழன்

மெடிக்கல் போர்டு. விரல் இழப்புக்கு எத்தனை சதவீதம் என்று டாக்டர்கள் முடிவு செய்கிற நாள். கஸ்தூரி துணைக்குக் கூப்பிட்டாள். அவளாகக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

மூன்று டாக்டர்கள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். மடக்கு என்றார்கள், நீட்டு என்றார்கள், பென்சிலைப் பிடி என்றார்கள். பென்சில் விழுந்தது. அவளே குனிந்து இடது கையால் எடுத்து மேசைமேல் வைத்தாள். எப்படி நடந்தது என்று ஒருவர் கேட்டார். மூன்றாம் எண் பிரஸ்ஸிலிருந்து ரப்பர் வரை, நிறுத்தாமல், யார் முகத்தையும் பார்த்துத் தயங்காமல் சொன்னாள். நான் பக்கத்தில் கைகட்டி நின்றேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. அது நன்றாக இருந்தது.

வெளியே கவுன்ட்டரில் கையெழுத்து. எங்களுக்குப் பின்னால் பதினைந்து பேர் வரிசையில். கிளார்க் அவள் வலது கையைப் பார்த்துவிட்டு, மை டப்பாவைத் திறந்து தள்ளினார்.

"இடது கட்டைவிரல வைம்மா."

"ரேகை வேண்டாங்க சார். பேனா குடுங்க."

"எதுக்கும்மா சிரமம்? ரேகை போதும். செல்லும்."

"செல்லுங்க. நான் படிச்சவ சார். பேனா குடுங்க."

கொடுத்தார். தாள் நழுவியது. நான் பிடிக்கக் கையை நீட்டினேன், அவள் பார்த்த பார்வையில் இழுத்துக்கொண்டேன். வலது கையில் முழுதாக மிச்சமிருக்கும் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் தாள்மேல் அழுத்தி வைத்து, இடது கையால் எழுத ஆரம்பித்தாள். முதல் எழுத்து கட்டத்துக்கு வெளியே போயிற்று. நாக்கைக் கடித்துக்கொண்டு அடுத்ததை உள்ளே இழுத்தாள். ஒரு பெயருக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆனது. பின்னால் ஒருவர், "சீக்கிரம்மா, சாப்பாட்டுக்கு மூடிருவாங்க" என்றார். அவள் திரும்பவில்லை. புள்ளி, சுழி, கொக்கி ஒன்றும் விடாமல், கோணல்மாணலாக, பெரிய எழுத்தில், கஸ்தூரி.

கிளார்க் தாளை இழுத்தார். அவள் இரண்டு விரலையும் எடுக்கவில்லை.

"இருங்க சார். இன்னும் இனிஷியல் போடல."